ஃபார்மலினில் போட்டதால் டிஎன்ஏ கெட்டுப்போகுமா?

கேள்வி இது: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஊசி வழியாக எடுத்த பயாப்சியின் பிளாக்கை (திசுவை மெழுகில் புதைத்த கட்டி) மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், "டிஎன்ஏ தரம் போதவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. திசு கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டதுதான் தப்பு, ஆல்கஹாலில் போட்டிருந்தால் வந்திருக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா, இனி என்ன செய்வது?

உறவினர் சொன்னது பாதி சரி. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகம் முழுக்கப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனைகளில் பெரும்பங்கு ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த திசுவில்தான் நடக்கிறது, அதில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது. ஆகவே "ஃபார்மலின்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பழி போட முடியாது. எந்த ஃபார்மலின், எவ்வளவு நேரம், உடம்பிலிருந்து எடுத்து எத்தனை நிமிடம் கழித்து, அதற்கு அப்புறம் ஏதாவது அமிலத்தில் போட்டார்களா, இவைதான் முடிவு செய்கின்றன. பிளாக் எங்களைப் போன்ற மாலிக்யூலர் (மரபணுப் பரிசோதனை) லேபுக்கு வந்து சேரும்போது ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கிட் வாங்கினாலும் அறுந்துபோன இழையை ஒட்டவைக்க முடியாது.

முதலில் ஃபார்மலின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 1893-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார், தன் விரல் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார், ஆல்கஹாலில் போட்ட திசு விறைப்பதைப் போலவே இருக்கிறதே என்று திசுக்களையும் அதில் போட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து திசுவைப் பார்த்து நோய் சொல்லும் பேத்தாலஜி அதைக் கைவிடவே இல்லை. அந்தச் சின்ன மூலக்கூறு புரதங்களில் உள்ள அமினோ தொகுதிகளைப் பிடித்து ஒன்றோடொன்று பாலம் போட்டுவிடும். டிஎன்ஏவின் எழுத்துகளில் அடினின், குவானின், சைட்டோசின் மூன்றிலும் இப்படிப்பட்ட அமினோ தொகுதி உண்டு, அதனால் அவையும் தப்பாது. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களோடு அப்படியே கட்டுண்டுவிடும். இந்தக் கட்டை மட்டும் பொறுத்தவரை பெரிய பயம் வேண்டாம், ஏனென்றால் அதில் பெரும்பகுதியை அவிழ்க்கலாம். புரோட்டீனேஸ் கே என்ற நொதியைப் போட்டு 56 டிகிரியில் வைத்துப் புரதத்தைக் கரைத்தபின் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் நிறைய பாலங்கள் உடைந்துவிடும். பல கிட்களின் செய்முறையே இதுதான்.

திரும்ப வராத சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. அமிலச் சூழலில் அடினினும் குவானினும் தங்கள் சர்க்கரையிலிருந்து கழன்று விழுந்துவிடும், கழன்ற இடத்தில் இழை பலவீனமாகி அறுந்துபோகும். சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறிவிடும். முதலாவது டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது, இரண்டாவது டிஎன்ஏவில் பொய் எழுதுகிறது. இரண்டையும் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது "எந்த ஃபார்மலின்" என்பதற்கு வருவோம். கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மலின் என்பது 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் "10 சதவீத ஃபார்மலின்", அதாவது உள்ளே இருப்பது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. பல இடங்களில் இந்த ஒன்பது பங்கு குழாய்த் தண்ணீரோடு கதை முடிந்துவிடுகிறது. முறையாகச் செய்வதென்றால் ஒரு லிட்டருக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் ஃபாஸ்பேட் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அமிலத்தன்மை (pH) நடுநிலையில், ஏறக்குறைய 7-ல் நிற்கும். இந்த இரண்டு உப்பும் இல்லையென்றால் ஃபார்மால்டிஹைடு காற்றுப்பட்டு மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறிக்கொண்டே இருக்கும், நாளாக நாளாக அந்தக் கேனில் இருப்பது ஒரு லேசான அமிலக் குளியல்தான். நான் மேலே சொன்ன அடினின், குவானின் கழலும் வேலைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. செலவு என்று பார்த்தால் அந்த உப்புகளின் விலை ஒன்றுமே இல்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுக்கும் இடத்தில் இதில் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

அமில ஃபார்மலினைக் கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது ரத்தம் நிறைந்த பகுதிகளில் பழுப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாக ஒரு படிவு தெரியும், செல்லுக்குள் இல்லாமல் மேலே தூவிவிட்டதுபோல இருக்கும். ஃபார்மலின் நிறமி என்று பெயர். ஹீமோகுளோபினும் அமில ஃபார்மலினும் சேர்ந்து உண்டாவது அது. ஸ்லைடைப் படிப்பதற்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை என்பதால் பேத்தாலஜிஸ்ட் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவார். நான் அதைப் பார்த்தால் அந்த பிளாக்கிலிருந்து நீளமான டிஎன்ஏ வராது என்று அப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்வேன்.

அடுத்தது நேரம். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும் என்பது பழைய கணக்கு. நுழைந்தாலும் பாலம் போட்டு முடிக்க இன்னும் பல மணி நேரம் ஆகும். ஊசி பயாப்சி ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், அதில் பிரச்சினை வராது. ஆனால் அறுவை செய்து எடுத்த முழு மார்பகத்தையோ ஒரு முழ நீளக் குடலையோ கீறாமல் வகுக்காமல் அப்படியே வாளியில் போட்டுவிட்டால் வெளிப்பகுதி நன்றாக விறைத்திருக்கும், நடுப்பகுதி அன்றிரவு முழுக்கத் தன் சொந்த நொதிகளாலேயே செரிமானமாகிக்கொண்டிருக்கும். கட்டி பெரும்பாலும் அந்த நடுவில்தானே இருக்கிறது! மறுநாள் வெட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும். அதனால்தான் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க வழிகாட்டிகள் திசு எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும், கட்டியைக் குறுக்கே வெட்டித் திறந்து போட வேண்டும், மொத்தம் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்த விதி மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 புரதப் பரிசோதனைகளுக்காக வந்தது, ஆனால் டிஎன்ஏவுக்கும் ஏறக்குறைய அதே எல்லைதான் பொருந்துகிறது. ஃபார்மலின் அளவும் திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். சின்ன டப்பாவில் திசுவைத் திணித்து மேலே நாலு சொட்டு விட்டு அனுப்புவதை இன்னும் பார்க்கிறேன்.

மேல் எல்லையான 72 மணி நேரம்தான் நம் ஊரில் அதிகம் மீறப்படுவது. சனிக்கிழமை மதியம் எடுத்த பயாப்சி, ஞாயிறு விடுமுறை, திங்கள் ஏதோ பண்டிகை, செவ்வாய்தான் லேபுக்கு வருகிறது, அதற்கப்புறம்தான் மெழுகில் புதைக்கும் பிராசசிங். வெளியூரிலிருந்து கூரியரில் வருவதென்றால் கேட்கவே வேண்டாம். சூடு இருந்தால் வேதிவினை வேகமாகும் என்பதால், மே மாதம் வண்டிக்குள் கிடந்த டப்பாவுக்கு அந்த நேரக் கணக்குகூட அப்படியே பொருந்தாது. உங்கள் அப்பாவுடையது சின்ன ஊசி பயாப்சி என்பதால், தரம்தான் காரணம் என்றால் அதிக நேரம் ஊறியதோ அமில ஃபார்மலினோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், குறைவாக ஊறியது அல்ல.

இந்தச் சேதம் லேபில் எப்படித் தெரியும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் பலரையும் குழப்புகின்றன. டிஎன்ஏவைப் பிரித்து நானோடிராப்பில் வைத்தால் அளவு நிறைய காட்டும், தூய்மையைக் காட்டும் 260/280 விகிதமும் 1.8 என்று அழகாக வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அந்தக் கருவி ஒளி உறிஞ்சலை மட்டும் அளக்கிறது, டிஎன்ஏ முழுசாக இருக்கிறதா, பொடியாகிக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதே மாதிரியை இரட்டை இழையை மட்டும் பிடிக்கும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட்டில் போட்டால் எண் விழுந்துவிடும், பல நேரம் சில மடங்கு குறைவாக. அப்புறம் டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் செய்தால்தான் உண்மை வெளியே வரும்: 100 எழுத்து நீளத்துக்குப் பெருகும், 200-க்கும் பெருகும், 300-ல் தடுமாறும், 400-க்கு மேல் ஒன்றுமே வராது. நல்ல ஃபார்மலின் பிளாக் என்பதே பெரும்பாலும் இந்த அளவுதான். ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ பல்லாயிரம் எழுத்து நீளத்தில் வரும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே ஃபார்மலின் திசுவுக்கான எந்தப் பரிசோதனையையும் குட்டித் துண்டுகளுக்கென்றே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

குட்டித் துண்டுகளைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1918 ஃப்ளூவைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்தக் கொள்ளைநோயில் தென் கரோலினா ராணுவ முகாமில் இறந்த ஒரு சிப்பாயின் நுரையீரல் துண்டு ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைக்கப்பட்டு ராணுவத்தின் நோயியல் கழகத்தில் கிடந்தது. 1990-களின் நடுவில் ஜெஃப்ரி டாபன்பெர்கரின் குழு அதை எடுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக வைரஸின் ஆர்என்ஏவை மீட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கிப் படித்து 1997-ல் முதல் பகுதியை வெளியிட்டது. அதே ஆண்டு ஜோஹன் ஹல்டின் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் அலாஸ்காவின் பிரெவிக் மிஷனில் உறைநிலத்தில் புதைந்திருந்த ஓர் உடலிலிருந்து நுரையீரல் எடுத்துக்கொடுத்தார். பனியில் இருந்தது நன்றாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிலும் ஆர்என்ஏ துண்டு துண்டாகத்தான் இருந்தது. மொத்த மரபணு வரிசையும் முடிய 2005 ஆகிவிட்டது. 79 வருட ஃபார்மலின் பிளாக் பதில் சொன்னது என்றால், உங்கள் பிளாக் சொல்லாததற்கு "ஃபார்மலின்" மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

இனி அந்த "பொய் எழுதும்" விஷயம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் டிஎன்ஏ வராமல் போவதைவிட இது ஆபத்தானது. சைட்டோசின் யுராசிலாக மாறினால் பிசிஆர் நொதி அதைத் தைமின் என்று படித்துவிடும், அதாவது சி இருந்த இடத்தில் டி என்று ரிப்போர்ட் வரும். நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மரபணுவின் டி790எம் என்ற மாற்றம் இருக்கிறதே, ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் வேலை செய்யாமல் போன பிறகு தேடுவது, அது துல்லியமாக சியிலிருந்து டிக்கு மாறுவதுதான். அதை வைத்து ஓசிமெர்ட்டினிப் கொடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். ஃபார்மலின் உண்டாக்கிய பொய்யும் உண்மையான மாற்றமும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும். அதே மரபணுவின் இன்னொரு மாற்றமான எல்858ஆர் டியிலிருந்து ஜிக்கு (தைமினிலிருந்து குவானினுக்கு), அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. டிஎன்ஏ அளவு குறையக் குறைய இந்த ஆபத்து கூடும், ஏனென்றால் பிசிஆர் தொடங்கும்போது உருப்படியான மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால் அதில் ஒன்று பொய் சொன்னாலே அது சில சதவீதமாகப் பெருகித் தெரியும். நல்ல லேப்கள் யுராசிலை மட்டும் தேடி வெட்டும் ஒரு நொதியை முதலில் போட்டுவிடும். ஆனால் மீத்தைல் தொகுதி ஒட்டிய சைட்டோசின் அமினோவை இழந்தால் யுராசில் ஆகாமல் நேராகத் தைமினாகவே ஆகிவிடும், அதை இந்த நொதியால் பிடிக்க முடியாது. அதனால் சந்தேகமான, குறைந்த சதவீத மாற்றம் வந்தால் புதிதாக டிஎன்ஏ எடுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. பொய்யாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் முறை அதே இடத்தில் வராது. தரமில்லாத டிஎன்ஏவில் எப்படியோ ஒரு ரிப்போர்ட் போட்டுத் தள்ளாமல் "போதவில்லை" என்று திருப்பி அனுப்பிய லேப் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

சரி, ஆல்கஹால். உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றேனே, அது இதுதான். ஆல்கஹால் பாலம் எதுவும் போடாது, நீரை உறிஞ்சி எடுத்துப் புரதத்தை அவித்த முட்டையின் வெள்ளைக்கருபோல உறையவைக்கும், அவ்வளவே. டிஎன்ஏ ரசாயன ரீதியாகத் தொடப்படாமல் அப்படியே படிந்து கிடக்கும். மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் 1909-லிருந்து ஆல்கஹாலில் கிடந்த தைலசைன் குட்டி ஒன்றிலிருந்து, அதாவது 1936-ல் கடைசி விலங்கும் செத்துப்போன டாஸ்மேனியப் புலியின் குட்டியிலிருந்து, அதன் மரபணுத் தொகுதியையே படித்து 2017-ல் வெளியிட்டார்கள். பக்கத்து அலமாரியில் ஃபார்மலினில் போட்டு வைத்த உயிரினங்கள் பல காலமாக மரபியல்காரர்கள் தொடாமலே விட்ட ஜாடிகள். ஆல்கஹாலோடு குளோரோஃபார்மும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த கார்னாய் திரவம், எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் போட்ட மெத்தகார்ன் இவையும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் நல்லவைதான், நீண்ட நாள் ஊறவிடாத வரை.

அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில் போடுவதில்லை? ஆல்கஹால் திசுவைச் சுருக்கும், கடினமாக்கும், சிவப்பணுக்களைச் சிதைக்கும், செல்லின் உருவம் பழகிய மாதிரி தெரியாது. நூறு வருடத்துக்கு மேலாகப் பேத்தாலஜிஸ்டின் கண் ஃபார்மலின் காட்டும் உருவத்தில்தான் பயிற்சி பெற்றிருக்கிறது. புற்றுநோயா இல்லையா என்பதற்கான இலக்கணம் முழுக்க அந்த உருவத்தை வைத்து எழுதப்பட்டது. செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் ஐஹெச்சி சாயங்களும் ஃபார்மலின் திசுவில்தான் சரிபார்க்கப்பட்டவை. முதலில் நோய் என்ன என்று தெரிய வேண்டும், மரபணு அதற்கப்புறம்தான். இந்தச் சண்டையில் உருவம் ஜெயித்தது நியாயம்தான் என்பது என் கருத்து. ஃபார்மலின் இல்லாத புது வகைத் திரவங்கள் பல வந்து போய்க்கொண்டிருக்கின்றன, டிஎன்ஏ நன்றாகவே இருக்கிறது, ஆனால் தினசரி வேலையில் எதுவும் வேரூன்றவில்லை.

ஃபார்மலினைவிட மோசமானவை இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிக்ரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஃபார்மலினும் சேர்ந்த பூவான் திரவம், விந்தக (டெஸ்டிஸ்) பயாப்சிக்கு இன்னும் விரும்பிப் பயன்படுத்துவார்கள், உட்கரு அத்தனை அழகாகத் தெரியும். டிஎன்ஏவுக்கு அது எமன். ஆனாலும் 1960-ல் இன்றைய கின்ஷாசாவில் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துப் பூவானில் போட்ட நிணநீர்க் கணுவிலிருந்து மைக்கேல் வொரோபி என்ற விஞ்ஞானியின் குழு எச்ஐவியின் குட்டிக் குட்டித் துண்டுகளை மீட்டு, இந்த வைரஸ் மனிதரிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவ ஆரம்பித்துவிட்டது என்று 2008-ல் காட்டியது. மேதைகளும் பொறுமையும் இருந்தால் நடக்கும், அதை வைத்துத் தினசரி வேலையைத் திட்டமிட முடியாது.

எலும்பு பயாப்சி என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எலும்பை வெட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும், அவசரத்துக்கு நைட்ரிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ போட்டுவிடுவார்கள், வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், டிஎன்ஏவும் முடிந்துவிடும். சுண்ணாம்பை மெல்லப் பிடித்து இழுக்கும் இடிடிஏ என்ற ரசாயனம் போட்டால் நாள்கணக்கில் ஆகும், ஆனால் டிஎன்ஏ பிழைக்கும். எங்களுக்கு ஒரு முறை வந்த முதுகெலும்பு பிளாக்கில் கட்டி செல்கள் நிறைந்து வழிந்தன, எதுவுமே பெருகவில்லை, அமிலத்தில் போட்ட செய்தி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை, போன் போட்டுக் கேட்டபின்தான் சொன்னார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதிலிருந்து மரபணுப் பரிசோதனை செய்ய நினைத்தால் எலும்போடு வரும் மென்மையான துணுக்குகளைத் தனியாகப் பிரித்து அமிலம் காட்டாமல் பிளாக் போடச் சொல்லுங்கள்.

ஆர்என்ஏவைப் பற்றிச் சுருக்கமாக: எல்லாச் சேதமும் இன்னும் அதிகம். அதன் கடைசியில் உள்ள அடினின் வாலை ஃபார்மலின் நன்றாகவே பிடித்துக்கொள்வதால் அந்த வாலைப் பிடித்து ஆரம்பிக்கும் முறைகள் தோற்கும். 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், 30-க்குக் கீழே போனால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்த திசுதான் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் சிறந்தது, பிரிட்டனின் லட்சம் மரபணுத்தொகுதித் திட்டம்கூட முழுத் தொகுதியைப் படிக்க ஃபார்மலின் திசு ஒத்துவராமல் புதுத் திசுவுக்கு மாறியது. ஆனால் அதற்கு அறுவை அறை வாசலிலேயே ஆளும் நைட்ரஜனும், அப்புறம் கரண்ட் போகாத மைனஸ் 80 ஃப்ரீசரும் வேண்டும்.

இனி உங்கள் விஷயம். முதலில் லேபுக்கு போன் செய்து, போதாதது அளவா தரமா, கட்டி செல்கள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அளவுதான் பிரச்சினை என்றால் பிளாக்கில் மீதி இருக்கிறதா, அதே நாளில் எடுத்த வேறு பிளாக் உண்டா என்று பார்க்கலாம். தரம் பிரச்சினை என்றால், நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கும் என்ஜிஎஸ்ஸுக்குப் பதில் இஜிஎஃப்ஆர் மட்டும் பார்க்கும் குட்டித் துண்டு பிசிஆர் அதே டிஎன்ஏவில் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. அடுத்து, பலரும் மறந்துவிடுவது: ஊசி உறிஞ்சல் ஸ்லைடுகள். நிணநீர்க் கணுவிலிருந்தோ நுரையீரல் நீரிலிருந்தோ சைட்டாலஜி பார்த்திருந்தால் அந்த ஸ்லைடுகள் ஆல்கஹாலில் போட்டவை அல்லது காற்றில் காயவைத்தவை, ஃபார்மலினே படாதவை. அதிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்த டிஎன்ஏ பல நேரம் பிளாக்கைவிட நன்றாக இருக்கும். ஸ்லைடு திரும்பக் கிடைக்காது என்பதால் பேத்தாலஜிஸ்ட் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்வார், அவர் சம்மதம் தேவை. ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது, மாற்றம் வந்தால் நம்பலாம், வராவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

இவை எதுவும் நடக்காமல் மறுபடி பயாப்சிதான் என்று ஆன்காலஜிஸ்ட் சொன்னால், எடுப்பதற்கு முன்னாலேயே இது மரபணுப் பரிசோதனைக்கும் வேண்டும் என்று எடுக்கும் டாக்டரிடமும் பேத்தாலஜியிலும் சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் வேண்டாம். பஃபர் சேர்த்த ஃபார்மலின்தானா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், டப்பாவின் மேல் போட்ட நேரத்தை எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் இரண்டு துணுக்குகளைத் தனித்தனி பிளாக்காகப் போடச் சொல்லுங்கள். ஒன்றை ஐஹெச்சிக்கு வெட்டித் தீர்த்தாலும் மற்றது எங்களுக்கு முழுசாக வந்து சேரும்.